ஜூன் வரைக்கும் ஒரு அணி

ரோலி தன் முதல் ஆளாக ஹாஸ்கெல் பெயரைச் சொன்னதும் என் பாரின் நிலவறையில் உட்கார்ந்திருந்த மற்ற ஒன்பது பேரும் சிரித்துவிட்டோம். ஹாஸ்கெல் கிழட்டு பேஸ்பால் ஆட்டக்காரன். ஏப்ரலில் பேய் மாதிரி அடிப்பான், ஜூலையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். மில்வாக்கியில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

ஒவ்வொரு மார்ச்சிலும் மீன் வறுவலும் பீருமாக உட்கார்ந்து, நிஜ பேஸ்பால் ஆட்டக்காரர்களை ஆளுக்கொருவராக மாற்றி மாற்றி அவரவர் கற்பனை அணிக்கு எடுத்துக்கொள்வோம். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை சீசன் முழுக்க அவர்கள் மைதானத்தில் அடிப்பதெல்லாம் எங்கள் கணக்கில் புள்ளி. எடுத்தவனை நடுவில் மாற்ற முடியாது. கடைசியில் வருகிறவன் கோழி வேஷம் போட்டு, பெட்ரோல் பங்க் முனையில் அட்டையோடு நிற்க வேண்டும். இரண்டு விதியும் ரோலி வைத்ததுதான். ஒரு வருஷம் கடைசியாக வந்த டுவேன் தன் அம்மாவைப் புதைத்த வாரத்தில் அவன் வீட்டு வாசலுக்கே வேஷத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவனும் ரோலிதான்.

அன்று ரோலி எடுத்தது மொத்தமும் அப்படிப்பட்ட ஆட்கள். ஆரம்பத்தில் வெளுத்து வாங்கிவிட்டு வெயில் ஏறியதும் சுருண்டு விழுகிறவர்கள். சிரிப்பு அடங்கியதும் சொன்னான்: "கணையத்துல கேன்சர். டாக்டர் ஜூன்னுட்டாரு. செப்டம்பர்ல அடிக்கிறவன வச்சு நான் என்னடா பண்றது?"

டுவேன்தான் கேட்டான்: "கடைசி வந்தீன்னா?"

"பொணத்துக்கு மாட்டி விடு."

அதற்கும் சிரித்தோம். வேறு என்ன செய்வது?

ஜூனில் ரோலிதான் முதலிடம், அதுவும் எட்ட முடியாத உயரத்தில். புள்ளிப் பட்டியலைப் படம் எடுத்து பாரில் மாட்டச் சொன்னான், மாட்டினேன். எலும்பும் தோலுமாகக் கிடந்தவனைப் பார்த்து ஒவ்வொருவராக விடைபெற்று வந்தோம். டுவேன்கூடக் கட்டிலோரம் நின்று அவன் கையைப் பிடித்து, ஜெயித்துவிட்டாய் என்று சொல்லிவிட்டு வந்தான்.

ஆனால் ரோலி சாகவில்லை. ஏதோ புது மருந்து கொஞ்சம் பிடித்துக்கொண்டது. ஜூலையில் ஹாஸ்கெல் முழங்கால் போனது, அடுத்தவனுக்குத் தோள்பட்டை. ஆகஸ்டில் பாதிப் பேர் பெஞ்சில். ரோலி கட்டிலில் கிடந்தபடி தன் அணி படிப்படியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி மார்லீன் ஒருநாள் பாருக்கு வந்து, எதுவும் வாங்காமல் நின்றாள்.

"ஜூன்லயே போயிருக்கணும்னு தெனமும் சொல்றாரு, லூ. பக்கத்துல உட்கார்ந்து சூப் ஊட்டிட்டிருக்கேன். என்கிட்டயே சொல்றாரு."

எனக்கு அவன்மேல் வந்த கோபத்தை எங்கே கொட்டுவதென்று தெரியவில்லை.

சீசன் முடிந்தபோது ரோலி கடைசி. இந்த வருஷம் வேஷம் வேண்டாம், விட்டுவிடலாம் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள், டுவேனைத் தவிர.

"எங்கம்மா செத்தப்ப ஒருத்தனாவது வாயத் தொறந்தீங்களா?"

திறக்கவில்லைதான். அவன் வேஷத்தை எடுத்துக்கொண்டு ரோலி வீட்டுக்குப் போனான், நானும் பின்னாலேயே போனேன். ரோலி மஞ்சள் இறகுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தான்.

"ஜிப்ப நீ போட்டு விடு. என்னால கையத் தூக்க முடியல," என்றான் டுவேனிடம். மார்லீன் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பங்க் முனையில் ஏரிக்காற்று வெட்டியது. சக்கர நாற்காலியில் அந்த உடம்புக்குத் தொளதொளவென்று வேஷம். அலகு சரிந்து அவன் கண்ணை மூடிவிட்டது. டுவேன் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான்: 'எனக்கு பேஸ்பால் தெரியாது. ஹாரன் அடிங்க.' போகிற கார்கள் லேசாக அடித்துவிட்டுப் போயின.

சிக்னலில் மார்லீனின் கார் வந்து நின்றது. அவள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஹாரனில் கையை வைத்து அழுத்தினாள். பச்சை விழுந்தது. பின்னால் நின்றவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் கையை எடுக்கவே இல்லை.

சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, ரோலி ஒரு இறக்கையை மெல்ல ஆட்டினான்.