டக்ளஸ் குடும்பமும் துரையின் நாயும்

ஜேர்மனியின் எசன் நகரில் இருக்கிற தமிழ்க் கத்தோலிக்கர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பேர்பெச்சுவாவிடம் வாய் கொடுத்துத் தப்பியவர் கிடையாது என்று. அந்த மனுசிக்கு ஊர் மன்னார். புருசன் அல்பேர்ட் எண்பத்தைந்தாம் ஆண்டு கடலுக்குப் போய் நேவிக்காரனின் சூடு பட்டுச் செத்தவர். உடல்கூடக் கரை சேரவில்லை. கல்லறை இல்லை. பெயர் மட்டும்தான் பிழைத்தது. எங்கள் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயரைப் பக்கத்தில் போடுவோம், அடுத்த தலைமுறையில் அதுவும் போய்விடும். ஜேர்மன்காரன் விடுவானா? தகப்பன் பெயரையே குடும்பப் பெயராக்கிப் பதிந்துவிட்டான். மகன் அன்ரன் 'ஹெர் அல்பேர்ட்', அதாவது திருவாளர் அல்பேர்ட், ஆனான். பிறக்கப்போகும் பேரப்பிள்ளைகளும் அல்பேர்ட். அதை நினைத்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

அதே வழியில்தான் யாகோப்பு வீட்டுக்கு டக்ளஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவனுடைய தகப்பன் பெயர் டக்ளஸ், வேறொன்றும் இல்லை. தொழிற்சாலைச் சமையல் குசினியில் கோப்பை கழுவுகிற மனுசன். நல்லவன், கொஞ்சம் புளுகன். அவனுடைய மகள் வெரோனிக்காவை அன்ரன் விரும்பினான். பேர்பெச்சுவாவும் ஓம் என்றுவிட்டாள். யாகோப்பு கிறிஸ்மஸ் காலத்து நத்தார்ச் சந்தைக்குப் போகும்வரை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது.

சந்தையில் குடும்பப் பெயர்களின் வரலாற்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு விற்கிற கடை ஒன்று. அங்கே டக்ளஸ் குடும்பத்தின் சின்னத்தைக் கண்டான். சிவந்த ஒரு இருதயம், அதன்மேல் கிரீடம். இருதய ஆண்டவரே என்று சந்தை நடுவிலேயே சிலுவை போட்டான் மனுசன். கொண்டுவந்து இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, மெழுகுதிரியும் ஏற்றினான்.

புதுவருசம் கழிய நிச்சயதார்த்த விருந்து அவன் வீட்டில். பார்க்கவேண்டுமே அவனை! மகள் வாசித்துச் சொன்னதையெல்லாம் தலைகால் தெரியாமல் அளந்தான்.

"டக்ளஸ் எண்டால் கறுத்தத் தண்ணி எண்டு அர்த்தமாம். ஸ்கொட்லாந்தில ஒரு ஆத்தின்ர பேர். அந்த ஆத்தங்கரை ஆக்கள்தான் பிறகு பிரபுக்கள் ஆனவை. அவையில ஒராள், செத்த ராசாவின்ர இருதயத்தை வெள்ளிச் சிமிழில போட்டுக் கழுத்தில கட்டிக்கொண்டு செருசலேமுக்கு வெளிக்கிட்டவராம். வழியில ஸ்பெயினில சண்டையில செத்துப்போனார். இருதயம் மட்டும் ஊருக்குத் திரும்பி வந்திட்டுதாம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அக்கா, இந்த நாட்டில மாப்பிளையும் பொம்பிளையின்ர பேரை எடுக்கலாமாம். அன்ரன் டக்ளஸ்! எப்பிடி இருக்கு?"

பகிடிதான். எல்லோரும் சிரித்தார்கள். பேர்பெச்சுவா சிரிக்கவில்லை. என்ர மனுசன்ர பேரை அழிக்க நிக்கிறானோ? கோழிக்காலைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"யாகோப்பு, அந்தப் பேர் உங்கட வீட்டுக்கு எப்பிடி வந்தது எண்டு நான் சொல்லட்டோ? தலைமன்னாருக்கு ரயில் பாதை போட வந்தாரே ஒரு ஸ்கொட்லாந்துத் துரை, அவற்ற பங்களாவில என்ர அப்பாவைப் பெத்த அப்புதான் குசினிக்காரன். உம்மட அப்புவுக்கு அங்க என்ன வேலை, சொல்லும் பாப்பம்?"

"துரையின்ர நாயைப் பாக்கிறவர்," என்றான் யாகோப்பு. அவன் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது, பாவம்.

"ஓம். அந்த நாய்க்குப் பேர்தான் டக்ளஸ். அது செத்த கிழமை உம்மட அப்பா பிறந்தவர். 'நாய் போனாலும் பேர் போகக்கூடாது, உன்ர பெடியனுக்கு வை' எண்டு துரை குடிவெறியில பகிடி விட, உம்மட அப்பு கும்பிட்டு வாங்கிக்கொண்டு வந்தவர். பிரபுவாம், இருதயமாம்! நாய்க்கெல்லோ மெழுகுதிரி கொளுத்துறீர்!"

நாய் இருந்தது உண்மை. மிச்சமெல்லாம் அவளுடைய கைச்சரக்கு.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும். வெரோனிக்கா குசினிக்குள் போனவள் திரும்பி வரவில்லை. யாகோப்பு எழும்பி மெழுகுதிரியை ஊதி அணைத்தான். சட்டத்தைக் கழற்றினான். எங்கே வைப்பதென்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான்.

அதுவரை கோயிலில் முன்வரிசை வாங்கில் இருந்த மனுசன் அதன்பிறகு கதவடியில் நின்று பூசை கண்டான். பிள்ளைகள் அவனைக் கண்டால் குரைத்துக் காட்டின. பேர்பெச்சுவா அதைப் பார்த்தாள், அதட்டவில்லை. நல்லாய் வேணும் என்று நினைத்தாள். அன்ரன் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை, கல்யாணத்தையும் நிறுத்தவில்லை. தான் வென்றுவிட்டதாகவே அவளுக்குப் பட்டது.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்து கல்யாணப் பதிவு. முன்வரிசையில் பட்டுச்சேலையோடு பேர்பெச்சுவா. பதிவு செய்த ஜேர்மன்காரி எழும்பி, "ஹெர் டக்ளஸ், ஃபிறாவ் டக்ளஸ்" என்று புருசனையும் பெண்சாதியையும் வாழ்த்தினாள். பிழை விட்டுவிட்டாள் என்று நினைத்து, "அல்பேர்ட், அல்பேர்ட்" என்று திருத்தினாள் பேர்பெச்சுவா. அந்த ஜேர்மன்காரியோ, மாப்பிள்ளை மணப்பெண்ணின் பெயரை எடுத்திருக்கிறார் என்று நிதானமாக விளங்கப்படுத்தினாள்.

"அன்ரன், என்னடா இது? கல்லறைகூட இல்லாத மனுசன்ர பேரடா!"

அன்ரன் பேனையை மூடினான்.

"மாத்தச் சொல்லடா! நான் சொன்னது பொய். மாதா சத்தியமாய்ப் பொய். நாய்க்கு அந்தப் பேர் இல்லை."

"தெரியும் அம்மா. சின்னனில சோறு ஊட்டேக்க நீங்கள் எனக்குச் சொன்ன கதைதானே. துரையின்ர நாய்க்குப் பேர் ஜிம்மி."

"அப்ப ஏன்டா அண்டைக்கு வாய் திறக்கேல்லை?"

"நீங்களே திறப்பீங்கள் எண்டு பாத்தன். ஒவ்வொரு ஞாயிறும் பாத்தன். மாமா கதவடியில நிக்க, நீங்கள் முன்வாங்கில இருந்து பாட்டுப் படிச்சனீங்கள்."

பின்வரிசையில் யாகோப்பு மெல்ல எழும்பினான்.

"அப்ப தம்பி, உமக்கும் தெரியுமோ?" என்று மருமகனைக் கேட்டான். "பிள்ளையள் குரைக்கேக்கயும் தெரியுமோ?"

அன்ரன் தலை குனிந்தான்.

விருந்து அன்ரன் வீட்டில். பேர்பெச்சுவா யாருடைய காரிலும் ஏறவில்லை. நடந்து நடந்து கடைசியாக வந்து சேர்ந்தாள். கீழ்வாசலில் அழைப்புமணிக்குப் பக்கத்தில் அல்பேர்ட் என்று இருந்த இடத்தில் புதுப் பெயர்த்துண்டு ஒட்டியிருந்தது. வீட்டுச் சாவி அன்ரனிடம். வேறு வழியில்லாமல் டக்ளஸை அழுத்தினாள்.

"ஆரது?" மணிப்பெட்டிக்குள் இருந்து யாகோப்பின் குரல்.

"நான்தான் தம்பி. பேர்பெச்சுவா."

கதவு உடனே திறக்கவில்லை.