முதல் ஆல்பம் மட்டும்

"அண்ணா, எப்ப ஸ்டேஜ்ல ஏறுவிய? நான் டிவிக்கு முன்னால வந்து இருந்தாச்சு."

ஒரு கையில் ஹெல்மெட்டும் மறு கையில் போனுமாக டீ ரூம் வாசலிலேயே நின்றுவிட்டான் ஜெப்ரின். பேசியது ஷாஜினி. நண்பன் ரெனீஷின் மனைவி. ஏழு மாதக் கர்ப்பிணி. நேற்று சாயங்காலத்திலிருந்து ரத்தப்போக்கு நிற்காமல் தோஹாவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்க வேண்டியவள். அவள் பக்கத்தில் ரெனீஷ் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான், தன்னுடைய ஓய்வு நாளான இந்த வெள்ளிக்கிழமையில், ராஸ் லஃபான் எரிவாயு பிளான்டின் கம்ப்ரஸர் பக்கம் ரெனீஷின் டியூட்டியை ஜெப்ரின் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அவள் குரலில் நோவு எதுவும் இல்லை. எதையோ மென்றுகொண்டிருந்தாள். முறுக்காக இருக்கலாம்.

"அண்ணா? கேக்குதா? அங்க ஒரே சத்தமா இருக்கு."

சத்தம்தான். அவன் முதுகுக்குப் பின்னால் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவள் கச்சேரி மைதானத்தின் இரைச்சல் என்று நினைத்துக்கொண்டாள்.

"கேக்குது, சொல்லு."

"இவரு போனே எடுக்கல்ல. சொல்லுங்க, நான் சோறு தின்னாச்சுன்னு. இல்லன்னா பாட்டுக்க எடையில அதையே நெனச்சிட்டு நிப்பாரு. பொறவு அண்ணா, நீங்க நல்லா அடிக்கணும், என்ன? எத்தன வருஷத்து ஆசை உங்களுக்கு! நான் ஜெபம் பண்ணியாச்சு."

"சரி" என்றான் ஜெப்ரின். ஏன் சரி என்றான் என்று அவனுக்கே தெரியவில்லை. போனை வைத்துவிட்டாள்.

பிளான்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. டீ ரூம் சுவரில் உள்ள மரத் தட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தேநீர் இடைவேளைக்கு அவன் கொஞ்சம் பிந்தி வந்திருந்தால் இந்த அழைப்பு அவனுக்குக் கிடைத்திருக்காது. நாளைக் காலையில் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வார்டு வார்டாகத் தேடியிருப்பான்.

நேற்று போனில் ரெனீஷின் குரல் உடைந்திருந்தது. "மக்கா, இதும் போயிருமோன்னு பயமா இருக்குலே." ஏற்கெனவே இரண்டு தங்கவில்லை. அந்த இரண்டு முறையும் ஆஸ்பத்திரி நடையில் ரெனீஷின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவன் ஜெப்ரின். மூன்றாவதைக் கேட்டதும் மறு பேச்சுப் பேசவில்லை. "நீ போ, டியூட்டிய நான் பாக்கேன்" என்றான். இரவெல்லாம் ஜெபமாலை சொன்னான். கேம்ப் ரூமில் அவனோடு இருக்கும் தெலுங்குக்காரர் விளக்கை அணைக்கச் சொல்லிச் சலித்துப்போனார்.

இப்போது ஷாஜினி, எப்ப ஏறுவிய என்கிறாள்.

எந்த மேடை என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. இன்று தோஹாவில் ஒரே ஒரு மேடைதான் உண்டு. ஸ்லோ ஃபெர்ரி வந்திருக்கிறார்கள்.

கனடாவில் ஹாலிஃபாக்ஸ் என்று ஒரு துறைமுக நகரம். அங்கேயுள்ள நான்கு பேர் சேர்ந்து தொடங்கிய பேண்டு அது. மூடிப்போன ஒரு மீன் கம்பெனியின் கொட்டகையில் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். ஐஸ் பெட்டி உறுமுவதுகூட அதில் கேட்கும். யாரும் வாங்கவில்லை. இரண்டாவது ஆல்பத்தை ஊரே வாங்கியது. மூன்றாவதில் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். அவர்கள் பிரிந்து போனபிறகுதான் உலகத்தின் பெரிய பெரிய பேண்டுகளெல்லாம், நாங்கள் பாடக் கற்றுக்கொண்டதே இவர்களைக் கேட்டுத்தான் என்று பேட்டி கொடுக்க ஆரம்பித்தன. தாடி நரைத்து, இருபது வருடம் கழித்து, மறுபடி ஒன்றுசேர்ந்து ஊர் ஊராக வாசித்து வருகிறார்கள்.

குளச்சலில், கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்த ரெனீஷுக்கும் டிரம்ஸ் அடித்த ஜெப்ரினுக்கும் அந்த முதல் ஆல்பம் கிடைத்தது, கப்பலுக்குப் போன ஒரு மாமா கொண்டுவந்த குறுந்தகட்டில். ஆங்கிலம் பாதி புரியவில்லை. கடல் புரிந்தது. வலை கிழிந்து வெறும் கையோடு கரையேறுகிறவனைப் பற்றி ஒருவன் தொண்டை கிழியக் கத்தினால், அது எந்த நாட்டுக் கடலாக இருந்தால் என்ன?

இருவரும் கத்தாருக்கு வந்தார்கள். ஒரே கம்பெனி, வேறு வேறு ஷிஃப்ட். பிளான்டைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருந்த நாட்களில் ஒரு கோவாக்காரனையும் இலங்கைக்காரனையும் சேர்த்துக்கொண்டு பேண்டு தொடங்கினார்கள். பெயரும் ஷட்டவுன். ஸ்லோ ஃபெர்ரியின் பாட்டு மட்டும்தான் வாசிப்பார்கள். அதிலும் முதல் ஆல்பம் மட்டும். அது ரெனீஷ் வைத்த சட்டம்.

காரணம், ஸ்லோ ஃபெர்ரியின் முதல் டிரம்மர். பேண்டின் வேனை ஓட்டியவன் அவன், டீ-ஷர்ட் விற்றவன் அவன், மற்ற மூவரும் படுத்துத் தூங்கியது அவன் வீட்டில். இரண்டாவது ஆல்பத்துக்கு முன்னால் பெரிய கம்பெனி ஒன்று வந்து, இவன் அடி சரியில்லை என்றது. பதிவு தள்ளிப்போய்விட்டது என்று அவனிடம் சொல்லிவிட்டு, வேறொருவனை வைத்து முடித்துவிட்டார்கள். பத்திரிகையில் பார்த்துத்தான் அவனுக்குத் தெரிந்தது. இதை முதன்முதலில் படித்த நாளில் ரெனீஷ் கொதித்துப்போனான். "துரோகம்லே இது! அந்த ஆல்பத்த நம்ம வாயால பாடப்படாது, மக்கா." ஜெப்ரினுக்கு உள்ளூர அந்த இரண்டாவது ஆல்பம்தான் பிடிக்கும். கேம்ப் ரூமில் தலையணையை வைத்து அதன் தாளங்களை அடித்துப் பழகியிருக்கிறான். ஆனால், வாயைத் திறந்து சொன்னதில்லை. தன்னைப்போன்ற ஒருவனுக்காக ரெனீஷ் இவ்வளவு கோபப்படுகிறானே என்பதே அவனுக்குப் பெருமையாக இருந்தது.

ஸ்லோ ஃபெர்ரி வருகிறது, அவர்களுக்கு முன்னால் வாசிக்க உள்ளூர் பேண்டு ஒன்று தேவை என்று அறிவிப்பு வந்தபோது, பாட்டைப் பதிவு செய்து, ரெனீஷின் நம்பரைக் கொடுத்து அனுப்பியவன் ஜெப்ரின்தான். போன மாதம் ரெனீஷ் வந்து, "லெபனான்காரனுவளுக்கு குடுத்தாச்சாம். கலாஸ், முடிஞ்சுது" என்று கையை உதறினான். அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் வருத்தப்பட்டார்கள்.

"தம்பி!"

ஹபீப் முகம்மது உள்ளே வந்தார். ஷிஃப்ட் சூப்பர்வைசர். காயல்பட்டினத்துக்காரர். மூத்த அண்ணன் என்ற முறையில் பிளான்டில் தமிழ்ப் பையன்கள் எல்லோருக்கும் அவர் காக்கா. நேற்று இந்த டியூட்டி மாற்றத்துக்கு மேனேஜரிடம் தன் வார்த்தையைக் கொடுத்து அனுமதி வாங்கியவர் அவர்தான்.

"ரெனீஷ் பொஞ்சாதி எந்த வார்டுல இருக்கு? நம்ம வீட்ல ருமைஸா பூண்டுக் கஞ்சி வச்சு, ஃபிளாஸ்க்ல ஊத்திக்கிட்டு வாசல்ல நிக்கிறா. யல்லா, கிளம்புன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், டாக்ஸி புடிச்சிருவா."

அவர் போனைக் காதோரம் வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். மறுமுனையில் ருமைஸாவும் காத்திருந்தாள்.

ஒரு வாக்கியம் போதும். காக்கா, அவ வீட்ல இருந்து முறுக்கு தின்னுட்டு இருக்கா. அவ்வளவுதான், ரெனீஷின் வேலை போய்விடும். பொய் சொல்லி டியூட்டி மாற்றிய ஒரு நேபாளியைப் போன வருடம் மறுநாளே விமானம் ஏற்றினார்கள்.

"டிஸ்சார்ஜ் ஆயாச்சு, காக்கா. பயப்பட ஒண்ணுமில்லியாம்."

"அல்ஹம்துலில்லாஹ்! அப்போ வீட்டுக்கே கொண்டுபோகச் சொல்லட்டா?"

"வேண்டாம் காக்கா. தூங்குவா."

ஹபீப் போனை இறக்கிவிட்டு அவனை உற்றுப் பார்த்தார். "நீ என்னப்பா, உனக்குப் புள்ளை பொறந்த மாதிரி வேர்த்து நிக்கிறே? டீயக் குடி." சிரித்துக்கொண்டே மக்ரிப் தொழப் போனார்.

ஜெப்ரின் ரெனீஷை அழைத்தான். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தான். விடாமல் அழைத்தான்.

"மக்கா, என்னாச்சு? கம்ப்ரஸர் ட்ரிப் ஆகி நின்னுட்டா?" கடைசியில் எடுத்த ரெனீஷ் தாழ்ந்த குரலில் கேட்டான். பின்னால் யாரோ டிரம்ஸைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சுத்தமான அடி. ஒன்றுக்கொன்று அளவெடுத்தாற்போல.

"ஷாஜினி கூப்பிட்டா."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல்ல."

"மாதாவே!" ரெனீஷ் எங்கோ ஒதுக்குப்புறமாக நடந்து போனான். டிரம்ஸ் சத்தம் தேய்ந்தது. "லேய், பொறுமையா கேளு. நீ அனுப்புனதக் கேட்டுட்டு கச்சேரி நடத்துகவனுவதான் சொன்னானுவ. டிரம்ஸ் இழுக்குது, கம்ப்யூட்டர் தாளத்துக்கு நிக்கிற ஆள் கொண்டுவா, இல்லன்னா வேற பேண்டப் பாக்கோம்னு. நான் என்ன செய்ய? இன்னைக்கு ஒரு நாள்தான். நாளையில இருந்து மறுபடி நீதான் அடிக்கப் போற."

"அத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா சம்மதிப்பியா?"

ஜெப்ரின் யோசித்தான். சம்மதித்திருப்பான். முதலில் ரெண்டு நாள் பேசாமல் இருந்திருப்பான். பிறகு அந்தப் புதியவனுக்கு டிரம்ஸைத் தூக்கிக்கொண்டு போய் மேடையில் பூட்டிக் கொடுத்திருப்பான். அதுதான் நெஞ்சை அறுத்தது.

"டியூட்டி பாக்க வேற ஆளா கிடைக்கல்ல உனக்கு?"

"எல்லாவனையும் கேட்டேன். வெள்ளிக்கிழம, ஒருத்தனும் வரல்ல."

"அதுக்கு வயித்துல கெடக்க பிள்ளையச் சொல்லியா கூப்பிடுவ?"

"வேற என்ன சொன்னா நீ மறு கேள்வி கேக்காம வருவ?"

ரெனீஷ் அவசரமாகச் சொன்னான்: "அவகிட்ட சொல்லிராத மக்கா. ஏழு மாசம். கேட்டா தாங்க மாட்டா. இந்தா கூப்பிடுகானுவ. வைக்கேன்."

டீ ரூமில் ஒரு டிவி உண்டு. எந்நேரமும் கிரிக்கெட் ஓடும். ஜெப்ரின் ரிமோட்டை எடுத்து நேரலையைத் தேடிப் பிடித்தான். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தான். விரல் கேட்கவில்லை. கம்பெனியின் இன்டர்நெட் சுற்றிச் சுற்றி, கடைசியில் நீல வெளிச்சத்தில் ஒரு மேடை தெரிந்தது. நடுவில் ரெனீஷ், ஜெப்ரின் போன கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த கறுப்புச் சட்டையில். இரண்டு பக்கமும் கோவாக்காரனும் இலங்கைக்காரனும். பேண்டின் வாட்ஸ்அப் குரூப் ஒரு வாரமாக ஊமையாகக் கிடந்தது ஏன் என்று இப்போது விளங்கியது. பின்னால் ஒல்லியான ஒரு ஃபிலிப்பைன்ஸ்காரன். நன்றாக அடித்தான். மோசமாக அடித்திருக்கக் கூடாதா என்று தேடித் தேடிக் கேட்டான் ஜெப்ரின். இல்லை, நன்றாகத்தான் அடித்தான்.

அவர்கள் வாசித்தது இரண்டாவது ஆல்பத்தின் முதல் பாட்டு. வார்த்தை தடுக்காமல் ரெனீஷ் பாடினான். நாள்கணக்கில் பழகாமல் அப்படி வராது.

போன் அடித்தது. ஷாஜினி.

"அண்ணா, யாரு அது பின்னால? நீங்க எங்க நிக்கிய?"

அவளுடைய டிவியில் ஓடும் அதே பாட்டு போன் வழியாகக் கேட்டது. டீ ரூம் டிவி பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. ரெனீஷ் அங்கே பாடி முடித்த வரியை இங்கே அப்போதுதான் தொடங்கினான்.

"காய்ச்சலா அண்ணா? அதான் அப்ப குரலு ஒரு மாதிரி இருந்துதா?"

பொய்யை அவளே பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்துவிட்டாள். ஆமா என்று ஒரு சொல் போதும். அவள் முறுக்கைத் தின்று முடிப்பாள். ரெனீஷ் வீட்டுக்குப் போவான். நாளை மறுநாள் எல்லோரும் பிரியாணி சாப்பிடுவார்கள். ஜெப்ரின் வாயைத் திறந்தான்.

"நான் பிளான்ட்ல நிக்கேன், ஷாஜினி. ரெனீஷுக்க டியூட்டியில."

"அவருக்கு லீவு கிடைச்சாச்சுன்னுல்லா சொன்னாரு?"

"லீவு இல்ல. உனக்கு ரத்தம் போவுது, ஆஸ்பத்திரியில சேத்திருக்குன்னு நேத்து எங்கிட்ட சொன்னான்."

மெல்லும் சத்தம் நின்றது.

"எனக்கா?"

ஜெப்ரின் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"பிள்ளைக்கா அண்ணா? பிள்ளைக்கா அப்படி ஒரு வார்த்தை சொன்னாரு?" அவள் குரல் மிகவும் மெதுவாக வந்தது. வயிற்றுக்குள் இருப்பதன் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல.

சொல்லியிருக்கக் கூடாது என்று ஜெப்ரினுக்குத் தோன்றியது. சொன்னது அவளுக்காகவா, ரெனீஷைப் பழிவாங்கவா என்றும் தோன்றியது. அவன் ஏதோ சொல்ல வருவதற்குள் போனில் பாட்டு முடிந்தது. கைதட்டல். பிறகு, அவள் வீட்டு டிவியிலிருந்து, மூச்சிரைக்க, சந்தோஷம் பொங்க ரெனீஷின் குரல்: "அடுத்த பாட்டு, வீட்ல இருந்து பாத்துட்டு இருக்க என் ஷாஜினிக்கும், எங்களுக்குப் பொறக்கப் போற..."

சட்டென்று அறுந்தது. அவள் டிவியை அணைத்துவிட்டாள். போனை வைக்கவில்லை. அவள் மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

டீ ரூமில் பாட்டு இன்னும் முடியவில்லை. ஃபிலிப்பைன்ஸ்காரன் கடைசி அடியை அடித்து, அதிரும் தட்டை விரலால் பிடித்து நிறுத்தினான். கூட்டம் கத்தியது. ரெனீஷ் கிட்டாரை முதுகுக்குத் தள்ளினான். குனிந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து இரண்டு மடக்குக் குடித்தான். புறங்கையால் வாயைத் துடைத்தான். எந்தக் கேமரா என்று தேடி, கண்டுபிடித்து, நேராகப் பார்த்துச் சிரித்தபடி மைக்கின் அருகே வந்தான்.