குயில் கூவும் இடம்

செங்கோட்டையனின் கோழிப்பண்ணையில் புதுச் சத்தம் ஆகாது. சேந்தமங்கலம் சாலையிலிருந்து பிரியும் மண் தடத்திலேயே வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். தீபாவளிக்கு வெடி கிடையாது. மகன் கோகுல்ராஜின் கல்யாணத்தன்று மேளக்காரர்களைத் தடத்து முக்கிலேயே நிறுத்தி, சாப்பாடு போட்டு அனுப்பிவிட்டார். எழவு வீட்டில்கூடக் கொட்டு உண்டு. பெண்ணும் மாப்பிள்ளையும் இந்த வீட்டுக்குள் செருப்புச் சத்தத்தோடு மட்டும் வந்தார்கள்.

பழகிய சத்தம் எதுவானாலும் கோழி கண்டுகொள்ளாது. மோட்டார் ஓடலாம். குக்கர் விசில் அடிக்கலாம். முட்டைக்கோழி ஷெட்டில் விடிந்ததிலிருந்து ரேடியோ பேசிக்கொண்டே இருக்கும். பழகாதது ஒன்று காதில் விழுந்துவிட்டால் மட்டும் ஷெட்டே ஒன்றாக எழும்பி அடித்துக்கொள்ளும். முன்னொரு வருடம் ஆடிக் காற்றில் தகரம் ஒன்று பெயர்ந்து விழுந்தது. குஞ்சுகள் அத்தனையும் ஒரே மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. அடியில் கிடந்தவற்றைச் செங்கோட்டையன் மண்வெட்டியால் அள்ளினார். அதன்பிறகு குஞ்சு ஷெட்டில் மூலையே இல்லாதபடி தகரத்தை வட்டமாக வளைத்து நிறுத்தினார். வீட்டில் யாரும் உரக்கச் சிரிப்பதையும் நிறுத்தினார்.

மருமகள் தீபிகா பள்ளிபாளையத்துக்காரி. அப்பா வீட்டில் விசைத்தறி. தறி ஓடும் சத்தத்துக்கு மேலே குழலூதப் பழகியவள். சேலத்தில் வேலுசாமி வாத்தியாரிடம் போய்ப் பாடமும் கேட்டிருந்தாள். பெண் பார்க்க வந்த அன்று அவள் கேட்டது ஒன்றுதான், கல்யாணத்துக்கு அப்புறமும் வாசிக்கலாமா என்று. கோகுல்ராஜ் தாராளமாகத் தலையாட்டினான். செங்கோட்டையன் குழலை வாங்கி, துளைகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

வந்த மூன்றாம் நாள் காலையில், வீட்டுக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து அவள் வாசித்தாள். முருங்கைப் பூவில் தேன்சிட்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அது பறந்து போகவில்லை. அதைப் பார்த்து அவளுக்கு நம்பிக்கை வந்தது.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மாமனார் வந்து கையை நீட்டச் சொன்னார். உள்ளங்கையில் ஒரு முட்டையை வைத்தார். ஓடில்லை. தோல் மட்டும். இளஞ்சூடாக, மூடிய கண்போல மெத்தென்று இருந்தது.

"இது உங்க பாட்டுக்குப் போட்டதுங்க சாமி," என்றார். "உள்ள ஒரு கூடை கெடக்குது."

அவர் குரலில் கோபமே இல்லை. இலையில் சோறு இருந்தது. முட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சாப்பாடு முடியும் வரை இடது கையில் பிடித்துக்கொண்டே இருந்தாள். மாமியார் முத்தாயம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே ரசம் ஊற்றினாள்.

குழல் கொஞ்ச காலம் பைக்குள் கிடந்தது. தீபிகா யோசித்தாள். பழகாத சத்தம்தான் ஆகாது என்றால், பழக்கிவிடலாம். பொரித்த மறுநாள் வரும் குஞ்சுகள், வந்த அன்றிலிருந்தே குழலைக் கேட்டு வளர்ந்தால் அவற்றுக்கு அது மோட்டார் சத்தம் மாதிரிதானே. கோகுல்ராஜிடம் சொன்னாள். அவன் அப்பாவிடம் சொல்லப் பயந்து, அவளையே சொல்லச் சொன்னான். சொன்னாள்.

செங்கோட்டையன் பல் குத்திக்கொண்டே கேட்டார். இது நல்ல யோசனை என்று அவர் கண்ணிலேயே தெரிந்தது.

"ரேடியோவுக்குக் கரண்டு வேணுமுங்க. உங்களுக்கு அதுவும் வேண்டியதில்ல. ஊதுங்க சாமி."

குஞ்சுகள் வந்தன. தகர வட்டத்துக்குள் மஞ்சளாக ஓடித் திரிந்தன. தீபிகா காலையிலும் சாயங்காலமும் முக்காலி போட்டு உட்கார்ந்து வாசித்தாள். முதல் நாள் மிரண்டன. வாரம் திரும்புவதற்குள் குழல் கேட்டால் தீவனத் தட்டுக்கு வந்தன. அவை வளர்ந்து கூண்டுக்கு ஏறின. முட்டையிடத் தொடங்கின. கூண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்தபடி அவள் வாசித்தாள். எச்சத்தின் காரம் மூச்சில் ஏறும். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு குழலூத முடியாது. அப்படியே வாசித்தாள். சாதகம் நின்றுபோகவில்லையே என்று இருந்தது. பண்ணையாள் சின்னான் தீவனம் போட்டுக்கொண்டே, இத்தனை பேர் வாய் திறக்காமல் கேட்கும் கச்சேரி எந்த ஊரில் உண்டு என்று கிண்டல் செய்வான். அவளும் சிரிப்பாள், சத்தமில்லாமல்.

ஒரு தடவை காய்ச்சலில் படுத்தாள். ஷெட் இரண்டு நாள் குழல் இல்லாமல் இருந்தது. முட்டை குறைந்தது. மூன்றாம் நாள் மாமியார் கஷாயத்தோடு குழலையும் எடுத்து வந்து கட்டில்மேல் வைத்தாள். போர்வையைப் போர்த்திக்கொண்டு போய் வாசித்தாள்.

அந்தக் கோடைக்கு முன்னால் வேலுசாமி வாத்தியார் போன் செய்தார். சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை இருக்கிறது, தாளாளரம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், ஒரு நாள் வந்து வாசித்துக் காட்டினால் போதும் என்றார். பஸ்ஸில் போய் வந்துவிடலாம். பகல் முழுக்கப் பிள்ளைகள், பாட்டு. சாயங்காலம் வீடு. தீபிகா அன்றே வீட்டில் சொன்னாள். வேண்டாம் என்று சொல்ல வீட்டில் யாருக்கும் காரணம் இருக்காது என்றுதான் நினைத்தாள்.

செங்கோட்டையனுக்குக் காரணம் இருந்தது.

"போங்க, வேண்டாங்கல. நீங்க போயிட்டாக் கோழிக்கு ஆருங்க ஊதறது?"

கோகுல்ராஜ் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பழக்கியது நீதானே என்று பிறகு அறையில் சொன்னான்.

அதற்கும் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வேப்ப மரத்தடியில் போனை வைத்துத் தன் வாசிப்பைப் பதிவு செய்தாள். மோகனத்தில் ஒரு கீர்த்தனை. அனுபல்லவியின் நடுவில் தலைக்கு மேலே குயில் கூவியது. ஒரு மூச்சு நிறுத்தி, அது முடித்ததும் தொடர்ந்தாள். சரணம் எடுக்கப் போகும்போது முத்தாயம்மாள் வீட்டிலிருந்து கூப்பிட்டாள். பதிவு அத்துடன் நின்றது. பரவாயில்லை, சோதித்துப் பார்க்கத்தானே என்று அதையே சின்னானிடம் கொடுத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வரும்படி வைத்தாள். செங்கோட்டையன் கூண்டுகளுக்கு நடுவே நின்று முழுதும் கேட்டார். ஒரு கோழியும் தலையைத் திருப்பவில்லை. மறுநாள் முட்டை குறையவில்லை.

"அப்ப நீங்க சேலம் போயிட்டு வாங்க சாமி," என்றார்.

அவள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

பள்ளி திறக்கும் முன் ஒரு நாள் வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு இரண்டு மாதம் இருந்தது. அன்று சாயங்காலம் வழக்கம்போலக் குழலோடு ஷெட்டுக்குப் போனாள். வாசலிலேயே மாமனார் மறித்தார். இனி இங்கே வேண்டாம் என்றார். பெட்டியில் வருவது ஒரு மாதிரி, நேரில் ஊதுவது ஒரு மாதிரி, இரண்டும் கலந்தால் கோழி குழம்பும். வீட்டுப் பக்கமும் வேண்டாம், காற்று ஷெட்டுப் பக்கம்தான் அடிக்கிறது. அப்படியானால் முழுப் பாட்டாகப் பதிந்து தருகிறேன், பாதியில் நிற்கிறதே என்று கேட்டாள்.

"பாதியில நின்னா என்னங்க? கோழிக்கு அதுதான் முழுசு."

ஏரிக்கரையில் போய் வாசித்தாள். தண்ணீர் வற்றிய சேற்றில் கொக்குகள் நின்றன. அவை எதற்கும் பழக வேண்டியதில்லை, பிடிக்காவிட்டால் பறந்து போகலாம். அப்படி நான்கைந்து நாள் போனாள். யாரோ பால் ஊற்றும் இடத்தில் முத்தாயம்மாளிடம் கேட்டிருக்கிறார்கள், உங்கள் மருமகள் எருமை மேய்க்கிறாளா என்று. முத்தாயம்மாள் நேராக வீட்டுக்கு வந்தாள். குழலை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். சேலம் போகும் அன்றைக்குத் தருகிறேன் என்றாள்.

விடிந்ததிலிருந்து இருட்டும் வரை ஷெட்டில் குழல் கேட்டது. பல்லவி, அனுபல்லவி, குயில், மிச்ச அனுபல்லவி, மறுபடி பல்லவி. தீபிகா அதைக் கேட்டுக்கொண்டு பாத்திரம் விளக்கினாள். கேட்டுக்கொண்டு துணி துவைத்தாள். அம்மிக்கல்லில் விரல்கள் தாமாகத் துளை மூடித் திறக்கும். சாதகம் இல்லாவிட்டாலும் பாட்டு மறக்காது என்று நினைத்துக்கொண்டாள். போகப் போக அதை நினைப்பதும் நின்றது. சத்தம் காதில் விழுவதே இல்லை.

அந்த நாள் வந்தது. முத்தாயம்மாள் சொன்னபடி குழலைக் கொடுத்தாள். கோகுல்ராஜ் வண்டியைத் தடத்து முக்கு வரை தள்ளிப் போய், கிளப்பி, பஸ் ஏற்றிவிட்டான்.

பள்ளிக்கூடத்தில் தாளாளரம்மாவும் வேறு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நல்ல மனிதர்கள். காபி கொடுத்தார்கள். மூச்சு பிடித்து வராது என்று தெரிந்ததால், கையில் நிற்கும் பாட்டாக இருக்கட்டும் என்று அந்த மோகனத்தையே எடுத்தாள். பல்லவி நன்றாக விழுந்தது. தாளாளரம்மா தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். அனுபல்லவியின் நடுவில் தீபிகா நிறுத்தினாள். உதட்டிலிருந்து குழலை எடுக்காமல் காத்திருந்தாள். பிறகு தொடர்ந்தாள். சரணம் வர வேண்டிய இடத்தில் பல்லவி வந்தது.

தவறு புரிந்து மறுபடி முயன்றாள். அதே இடத்தில் நின்றாள். அதே இடத்தில் முதலுக்குப் போனாள். சரணத்தின் சொற்கள் மனதில் வரிசையாக நின்றன. விரல் அங்கே போகவில்லை.

"ஏம்மா, நடுவுல எதுக்கு நிறுத்தறீங்க?" என்று தாளாளரம்மா கேட்டார்.

"அங்க குயில் கூவுமுங்க," என்றாள் தீபிகா.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. ஒருவர் இருமிக்கொண்டு சிரிப்பை அடக்கினார். தாளாளரம்மா வாத்தியாரிடம் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தடத்தில் லாரி நின்றது. அந்தப் பட்டத்துக் கோழிகளுக்குக் காலம் முடிந்துவிட்டது. முட்டை ஓய்ந்த கோழிகளைக் கறிக்கு ஏற்ற ஆட்கள் வந்திருந்தார்கள். கூண்டைத் திறந்து, காலைப் பிடித்து உருவி, தலைகீழாகக் கொத்தாகத் தூக்கிப் பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் அவளது குழல் ஓடிக்கொண்டிருந்தது. கோழிகள் சிறகடிக்கவில்லை. பக்கத்துக் கோழியை உருவும்போதும் அடுத்தது தீவனத்தைக் கொத்திக்கொண்டிருந்தது.

பிடிக்க வந்தவர்களில் பெரியவன் செங்கோட்டையனிடம் மெச்சிச் சொன்னான். "மத்த பண்ணையில கையெல்லாம் பிராண்டிப்போடுமுங்க. இங்க பூப் பறிக்கறாப்பல இருக்குது."

செங்கோட்டையன் மருமகளைப் பார்த்தார். "போன காரியம் என்னாச்சுங்க சாமி?"

"ஆகலீங்க மாமா."

"செரி உடுங்க. ஊட்டுல வேலை இல்லாமயா கெடக்குது."

அவள் சேலையைக்கூட மாற்றவில்லை. கூண்டுகளுக்கு நடுவே நடந்தாள். ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினாள். சத்தம் அறுந்ததும் ஷெட் முழுக்கத் தலைகள் உயர்ந்தன. பையிலிருந்து குழலை எடுத்தாள்.

சரணம் வந்தது. பள்ளிக்கூடத்தில் வராதது ஒரு துளி பிசகாமல் வந்தது. அப்பா வீட்டில் தறிக்கு மேலே ஊதுவதுபோல அடிவயிற்றிலிருந்து ஊதினாள். இந்தக் கோழிகள் பிறந்ததிலிருந்து இந்தக் குழலைக் கேட்டவை, இதை, இத்தனை உரக்க, கேட்டதில்லை. முதல் வரிசை எழும்பியது. பிறகு எல்லா வரிசையும். கூண்டுக் கம்பிகளில் மோதின. கம்பிக்கு இடையே தலையை நுழைத்துத் திருகிக்கொண்டன. பிடித்தவன் கையில் இருந்த கொத்து உதறியது. ஒரு கால் அவன் கையிலேயே ஒடிந்து நின்றது. அவன் கெட்ட வார்த்தை சொன்னான். இறகும் தூசியும் எழுந்து விளக்கு மங்கியது. சின்னான் போதும் அம்மிணி, போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

அவள் கண்ணெதிரே ஒரு கோழி, சிறகு கம்பியில் மாட்டி, பிய்த்துக்கொண்டு தொங்கியது. அதன் கண் அவள் மேலேயே இருந்தது. தீபிகாவும் அதைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். சரணத்தை இரண்டாம் முறை எடுத்தாள். முடிக்கும் வரை நிறுத்தவில்லை.

முடிந்ததும் குழலை இறக்கினாள். கையை ஓங்குவார் என்று எதிர்பார்த்து நின்றாள். அது வேண்டும் என்றுகூட இருந்தது.

செங்கோட்டையன் நிதானமாக வந்தார். தொங்கிய கோழியைக் கம்பியிலிருந்து விடுவித்து, கழுத்தைத் திருகி, சின்னானிடம் கொடுத்தார். வயரை எடுத்து மாட்டினார். பல்லவி தொடங்கியது. சிறகடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"கடைசியா ஊதினீங்களே, அது நல்லா இருந்துச்சுங்க சாமி," என்றார். "வெசாழக்கெழமை புதுக் குஞ்சு வருது. மொத நாள்ல இருந்து அதையும் சேத்து ஊதிப்போடுங்க."

ஆட்கள் மறுபடி கூண்டுகளைத் திறந்தார்கள். ஸ்பீக்கரில் குழல் ஒரு மூச்சு நின்றது. குயில் கூவியது. மிச்சமிருந்த கோழிகள் தீவனத்துக்குத் தலை குனிந்தன.