கைசரின் விரலிடுக்கு

சனிக்கிழமை சாயங்காலம் கைசருக்கு உண்ணி பார்ப்பது புஷ்பபாயின் வேலை. வாரம் முழுக்க ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் கணவர் வேதமணியின் பின்னால் அலைகிற நாய்க்கு உண்ணிக்கா பஞ்சம்? காது, கழுத்து, வயிறு என்று தடவி முடித்து வலது முன்னங்காலைக் கையில் எடுத்தபோதுதான் விரலிடுக்கில் அது தட்டுப்பட்டது. கெட்டியாக, நெல்லிக்கொட்டை அளவுக்கு. போன சனிக்கிழமை அது அங்கே இல்லை.

போன வருடம் இப்படித்தான் கைசரின் வயிற்றில் ஒரு கட்டி வந்தது. உண்ணி கடித்த தடிப்பு என்று வேதமணி சொன்னார், அவளும் நம்பினாள். அது எலுமிச்சை அளவு ஆன பிறகுதான் நெய்யாற்றின்கரை மிருக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வெட்டி எடுத்த டாக்டர், இது கெட்ட கட்டி, இனி உடம்பில் எங்கே புதிதாக ஒன்று கண்டாலும் கை வைக்காமல் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

வேதமணி காலைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இது ஒட்டுப்பாலாக்கும். சிரட்டையில இருந்து சிந்தின பால்ல சவுட்டியிருக்கும். எண்ணெ போட்டு இளக்கிப் பிச்சு எடுத்திரலாம்.”

அவர் சொன்னதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. பால் வெட்டுகிறவர் வீட்டு நாய்க்கு இது சாதாரணம். மரத்தில் கட்டிய சிரட்டையிலிருந்து சிந்தும் ரப்பர் பால் காலில் பட்டு, மண்ணும் முடியும் சேர்ந்து உறைந்து கட்டியாகிவிடும்; அதுதான் ஒட்டுப்பால். அவரே பலமுறை பிய்த்து எறிந்திருக்கிறார். புஷ்பபாய் குனிந்து முகர்ந்து பார்த்தாள். ரப்பரின் புளித்த நாற்றம்தான் அடித்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. வெறும் ஒட்டுப்பால் என்றால், அழுத்தும்போது நாய் ஏன் காலை இழுத்துக்கொள்கிறது? திங்கட்கிழமை டாக்டர் பார்க்கும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். ஒட்டுப்பால் பிய்க்க ஆஸ்பத்திரிக்குப் போனால் குன்னத்துகால் ஊரே சிரிக்கும் என்றார் அவர். சிரித்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பால்வெட்டு கிடையாது. முட்டுவலி என்று சொல்லி வேதமணி ஆராதனைக்கும் வரவில்லை. ஆலயத்தில் உட்கார்ந்திருந்தாளே ஒழிய, புஷ்பபாயின் நினைப்பெல்லாம் நாயின் காலில்தான் இருந்தது. அவள் ஒரு பாட்டைப் பிரித்து வைத்திருந்தாள், சபை வேறொன்றைப் பாடிக்கொண்டிருந்தது. பிரசங்கத்தின் நடுவில் சட்டென்று ஒன்று உறைத்தது. முட்டுவலிக்காரர் காலையில் எதற்காக அடுக்களையில் தேங்காயெண்ணெய்க் குப்பியைத் தேடினார்? ஆசீர்வாதத்துக்குக்கூட நிற்காமல் எழுந்து, ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தாள்.

முட்டுவலிக்காரர் முற்றத்தில் ஜம்மென்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கைசரின் கால் எண்ணெய் வழிய அவர் மடியில் கிடந்தது. பக்கத்தில் கத்திரிக்கோல்.

“அதத் தொட்டீங்கன்னா, பிறகு நான் இந்த வீட்டுல இல்ல” என்றாள் புஷ்பபாய்.

அவர் கத்திரிக்கோலைத் தள்ளி வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். ஆனால் நாயின் காலைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் சொன்னார்: “பிச்சு எடுத்தா ஒட்டுப்பாலுதான்னு ஆயிருமில்லியா புஷ்பம். அதுக்காக்கும்.”

அப்போதுதான் தெரிந்தது, மனுஷர் தன்னைவிட அதிகமாகப் பயந்துபோயிருக்கிறார் என்று. அது தெரிந்ததும் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தெம்பும் போய்விட்டது. சாயங்காலம் துபாயிலிருந்து மகன் நிஜின் வீடியோவில் கூப்பிட்டு, வழக்கம்போல முதலில் கைசரைத்தான் கேட்டான். போனை நாயின் முகத்துக்கு நேரே மட்டும் பிடித்தாள், கால் பக்கம் இறக்கவே இல்லை.

திங்கட்கிழமை ஆட்டோவில் நெய்யாற்றின்கரைக்குக் கிளம்பினார்கள். கைசர் தலையை வெளியே நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டு வந்தது. அமரவிளை தாண்டும்போது புஷ்பபாய் கண்ணை மூடி ஜெபித்தாள். ஆண்டவரே, இந்த ஒரு விஷயத்தில் இந்த மனுஷன் சொன்னதே சரியாக இருக்கட்டும். நான் முட்டாளாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டர் ஜிஷா சின்ன வயசுக்காரி. எண்ணெய் விட்டு, முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி, இடுக்கியால் மெல்ல இழுத்தாள். மண்நிறத்தில் ஒரு உருண்டை முடியோடு கழன்று வந்தது. வேதமணி அதை வாங்கி விரலால் நசுக்கினார். நசுங்கியது, விட்டதும் பழையபடி உப்பிக்கொண்டது. அசல் ரப்பர்.

“நான் சொன்னனா இல்லியா?” என்று சிரித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. புஷ்பபாய்க்கும் சிரிப்பு வந்தது. இதைச் சொல்லிச் சொல்லியே கிறிஸ்துமஸ்வரை கேலி செய்வார், செய்யட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் செய்யட்டும் என்று நினைத்தாள். ஆனால் நாயை மேசையிலிருந்து இறக்கப்போனபோது அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

“டாக்டரே, அந்த இடத்த இன்னும் ஒருக்கா தொட்டுப் பாருங்க.”

மரியாதைக்காகத்தான் டாக்டர் தொட்டாள். அந்த இடுக்கில், ஒரு நகத்தின் அடிப்பக்கம் அவள் விரல் நின்றது, நகர்ந்தது, திரும்பவும் அங்கேயே வந்து நின்றது. கைசர் முனகிக் காலை இழுத்தது. தோலுக்கு அடியில், குறுமிளகு அளவுக்கு ஒன்று.

டாக்டர் மலையாளத்தில் பதறாமல் விளக்கினாள். கட்டியிலிருந்து நீர் கசிந்திருக்கிறது, அந்த ஈரத்தில்தான் பால் வந்து ஒட்டியிருக்கிறது. சோதித்துப் பார்த்தால்தான் என்னவென்று சொல்ல முடியும். ஆனால் போன வருடம் கெட்ட கட்டி வந்ததாகப் பழைய சீட்டில் இருப்பதால் காத்திருக்க வேண்டாம், கட்டி இருக்கும் அந்த ஒரு விரலை இன்றைக்கே வெட்டி எடுத்துவிடலாம். சின்னதாக இருக்கும்போதே வந்தது நல்லது. வீட்டில் வைத்து ஒட்டுப்பாலைப் பிய்த்திருந்தால், அதோடு தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்திருப்பீர்கள் என்றாள்.

வேதமணி கையிலிருந்த உருண்டையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“நீ சொன்னதாக்கும் சரி, புஷ்பம்.”

கல்யாணமான நாளிலிருந்து இந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து ஒரு தடவையாவது வாங்கிவிட வேண்டும் என்று அவள் மல்லுக்கு நின்றிருக்கிறாள். இப்போது அது காதில் விழுந்துவிட்டது. தான் தோற்றுப்போயிருக்கக் கூடாதா என்று இருந்தது.

“அது கெடக்கட்டு. டாக்டர் ஊசி போடட்டு, நீங்க தலையப் பிடிங்க, உங்க கையின்னாதான் அவன் அடங்குவான்” என்று சொல்லிவிட்டு, கைசரின் காலைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.