ஈனிட் டீச்சர் வீட்டில் கடல்

1992-ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலிருந்து, புனே கேம்ப் பகுதியில் ஈனிட் டீச்சர் வீட்டு முன்னறைக்குள் தினமும் இரண்டு தடவை கடல் ஏறி இறங்கியது. புனேயில் கடல் கிடையாது. காட் மலை இறங்கி பம்பாய்க்குப் போனால்தான் உண்டு. அந்த மாதம் தக்காளி விலை ஏறியது, மழை பத்து நாள் தள்ளிப்போனது, டீச்சர் வீட்டில் கடல் வந்தது. தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. தரை ஓடுகளின் இடுக்கிலிருந்து ஊறிக் கணுக்கால் அளவுக்கு நின்றது, பிறகு வந்த வழியே வடிந்தது. மணலும், சில நாள் விரல் நீள மீன்களும் மிஞ்சின. குழாய் பார்க்கிற ஊழியர் ஒருவர் வந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்து, "உப்பு கரிக்குது, நம்ம தண்ணி இல்ல" என்று மராத்தியில் சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார். டீச்சர் சோபாவையும், பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் பியானோவையும் செங்கல் வைத்து உயர்த்தினாள். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

அது எந்த ஊர்க் கடல் என்பதில் டீச்சருக்குச் சந்தேகம் இல்லை. நிறம் பழுப்பு, வாசனை சேறு. சீனாவின் தென்கரையில், போர்ச்சுகீசியர் நானூறு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த மக்காவ் என்ற துண்டு நிலத்தில் பிறந்தவள் அவள். போர்ச்சுகீசியர், சீனர், மலாய்க்காரர், கோவாக்காரர் என்று பல ரத்தமும் கலந்து உண்டான சின்னக் கூட்டம் அவளுடையது. சண்டைக்கும் பஞ்சத்துக்கும் பயந்து அந்தக் கூட்டம் டொரான்டோ, லிஸ்பன், சிட்னி என்று சிதறிவிட்டது. புனேயில் கடல் வந்த அந்த வருஷங்களில் மக்காவ் ஊருக்கு முன்னால் இருந்த வளைகுடாவை அடைத்து, ஒரு பகுதியை மண் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அடைபட்ட தண்ணீர் எங்கேயாவது போக வேண்டும் அல்லவா என்றாள் டீச்சர். கேட்டவர்களுக்கு அது நியாயமாகவே பட்டது.

அவள் புனேக்கு வந்து சேர்ந்தது 1958-இல். திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்துக்காரர் ஹெர்பர்ட், பம்பாய்க்கும் ஹாங்காங்குக்கும் ஓடிய கப்பலில் வயர்லெஸ் வேலை பார்த்தவர். அவளைக் கல்யாணம் செய்துகொண்டு கரையேறி, புனேயில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக உட்கார்ந்தார். மாமியாரிடம் கற்றதால் ஈனிட் பேசிய தமிழ் சுத்தமான திருநெல்வேலித் தமிழ். சீனக் கண்ணும் போர்ச்சுகீசிய மூக்குமாக ஒருத்தி சிவாஜி மார்க்கெட்டில் மீன்கடை முன்னால் நின்று, "ஏல, கூனி என்ன வெல சொல்லுத?" என்று கேட்பதைப் பார்க்கவே சில பேர் பின்னால் போவார்கள். ஹெர்பர்ட் 1987-இல் இறந்தபோது அவள் அழவில்லை. அதற்கு முன், 1971-இல், மக்காவில் தன் தாய் இறந்த செய்தி வந்தபோதும் அழவில்லை. ஊருக்கும் போகவில்லை. கப்பலேறிய நாளிலிருந்து ஒரு தடவைகூட அவள் அங்கே போனதில்லை. ஏன் என்று ஹெர்பர்ட் ஒரே ஒருமுறை கேட்டார். "என்னைய அங்க யாரும் தேடல" என்று சொல்லிவிட்டு அவள் துணி காயப்போடப் போய்விட்டாள்.

அந்தத் தண்ணீருக்கு ஒரு குணம் இருந்தது. கால் வைத்தால் மரத்துவிடும். ஆட்டோ ஓட்டும் காசிம்தான் இதை முதலில் கண்டுபிடித்தார். டீச்சரை மார்க்கெட்டிலிருந்து இறக்கிவிட்டவர், பையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்து வெளியே வந்தபோது, பல வருஷ முழங்கால் வலி இல்லை. சாயங்காலத்துக்குள் வலி திரும்பிவிட்டது. ஆனாலும் மறுநாள் இன்னும் இரண்டு டிரைவர்களோடு வந்தார். பிறகு மூட்டு வலிக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். கடல் ஏறும் நேரம் தினமும் தள்ளிப்போகும் என்பதால் காசிம் ஒரு சிலேட்டில் நேரம் எழுதி வாசலில் மாட்டினார். 1999-இல் மாடிக்குக் குடிவந்த அம்பி சென்னைக்காரர், விமான் நகரில் கம்ப்யூட்டர் வேலை. முதல் நாளே பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வந்து நின்றார். "அட்வான்ஸ் வாங்கறச்சே கடல் இருக்குன்னு சொல்லலையே ஆன்ட்டி." டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சொல்லியிருந்தா வாடகையக் கூட்டியில்லா கேட்டிருப்பேன்." அம்பியின் மனைவி சியாமளா மாடியிலிருந்து சிரித்தாள். மறுவாரம் அவளும் இடுப்பு வலிக்கு ஒரு ஸ்டூலோடு இறங்கி வந்தாள்.

மற்றவர்கள் வந்து கால் நனைத்துப் போனார்கள். டீச்சர் அங்கேயே இருந்தாள். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறவே இல்லை, மரப்பு ஏறியது. 1995 வாக்கில் முழங்காலைத் தாண்டியது, 2000-இல் இடுப்பை. டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்து, ரத்தம் வருகிறது, வலி இல்லை, வைட்டமின் சாப்பிடுங்கள் என்றார். அந்த வருஷம்தான் ஒரே மகள் ஃபியோனாவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை மனோஜ், ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் சூபர்வைசர், வீடு சாங்வியில். சர்ச் வாசலில் மகள் கட்டிப்பிடித்து அழுதபோது டீச்சர் அவள் தோளுக்கு மேலாக மணி பார்த்தாள். வயதாகிவிட்டது என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

2003-இல் ஃபியோனாவுக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் சாங்விக்குப் போகவில்லை, நேராகத் தாய் வீட்டுக்கு வந்தாள். முன்னறையில் நின்று, வராத தமிழில், "மம்மி, பேபி இல்லை. போயிடுச்சு" என்றாள். டீச்சர் அவளைப் பார்த்தாள். "அப்படியா. அந்த பேகக் கீழ வைக்காத ஏட்டி, தண்ணி வார நேரம்" என்றாள். மரப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று ஃபியோனாவுக்கு அப்போது தெரிந்தது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு காசிமின் ஆட்டோவில் ஏறினாள். காசிம் மீட்டர் போடவில்லை.

அதற்குப் பிறகு ஃபியோனாவுக்கு இருந்தது ஒரே கவலைதான். தாயை அந்தத் தண்ணீரிலிருந்து எழுப்ப வேண்டும், முழுக்க மரத்துப்போவதற்குள். இரண்டு முறை சாங்விக்கு அழைத்துப் போனாள். இரண்டு முறையும் டீச்சர் பால்கனியில் உட்கார்ந்திருந்துவிட்டு, கடல் ஏறும் நேரம் பார்த்து ஆட்டோ பிடித்துத் திரும்பினாள். கோபித்துக்கொண்டு போனாள் என்றாலாவது மகளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கோபிக்கவில்லை.

சிதறிய மக்காவ்காரர்கள் சில வருஷங்களுக்கு ஒருமுறை சொந்த ஊரில் கூடுவது வழக்கம் என்று ஃபியோனா இன்டர்நெட்டில் படித்தாள். அவர்கள் சங்கத்துக்கு ஒரு ஈமெயில் அனுப்பினாள். தாயின் பெயர், பிறந்த தெரு, வீட்டில் கடல் வரும் விஷயம் மூன்றையும் எழுதினாள். 2004 நவம்பரில் அவர்கள் மக்காவில் கூடி, பழைய கரை இருந்த இடத்துக்குப் போனார்கள். அங்கே ரோடும் ஓட்டலும் இருந்தன. சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, ஒரு பஸ் கொள்ளும் கூட்டம் விமானம் ஏறிப் புனேக்கு வந்தது. ஊரைக் கடல் இல்லாமல் பார்ப்பதைவிட, கடலை ஊர் இல்லாமல் பார்க்கலாம் என்று முடிவு செய்ததாக அவர்களில் ஒருவர் அம்பியிடம் சொன்னார். கூட்டத்தில் டீச்சரின் தம்பி நீலும் இருந்தார். டொரான்டோவில் பென்ஷன் வாங்குகிறவர். அக்காவைப் பார்த்து நாற்பத்தாறு வருஷம் ஆகியிருந்தது.

அவர்கள் கூடினால் சாயங்காலம் ஒரு விருந்து உண்டு. பேர் டீ. டீ கடைசியில்தான் வரும். அதற்கு முன் இருபது தட்டு இறங்கிவிடும். புளியும், கூனி என்ற பொடி இறாலை உப்பில் ஊறவைத்த குழம்பும் போட்டுச் சமைத்த பன்றிக்கறி அதில் கட்டாயம். செய்முறை கேட்டு ஃபியோனா தாய்க்கு போன் செய்தாள். டீச்சர் ஒன்று விடாமல் சொன்னாள். கூனியை எத்தனை நாள் உப்பில் ஊறவைப்பது, புளியை எப்போது விடுவது, எண்ணெய் எப்படித் தெளிய வேண்டும் எல்லாம் சொல்லி, சந்தேகமா என்று கேட்டு, இன்னொரு தடவையும் சொன்னாள். அம்மா தன்னிடம் இவ்வளவு பேசி வருஷக்கணக்காகிறது. ஃபியோனா அடுப்படியில் சந்தோஷமாகவே நின்றாள்.

விருந்து நாளில் கடல் சாயங்காலம் ஏறியது. வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் நின்றார்கள். வாசனையை இழுத்துப் பார்த்தார்கள். அழுவார்கள் என்று காசிம் எதிர்பார்த்து, துண்டோடு தயாராக இருந்தார். யாரும் அழவில்லை, கால் மரத்துவிட்டதால் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். டீச்சர் தம்பியின் கன்னத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, மெலிந்துவிட்டாய் என்று தங்கள் பாஷையில் சொல்லி, தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கறி பரிமாறினார்கள். பிரமாதம், யார் சொல்லிக் கொடுத்தது என்று லிஸ்பன்காரப் பெண்மணி கேட்டாள். ஃபியோனா பெருமையாக, "மம்மிதான். எதையும் மறைக்கவில்லை, இரண்டு தடவை சொன்னார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவள் சொல்லி முடித்ததும் லிஸ்பன் பெண்மணி சிலுவை போட்டுக்கொண்டாள். சிட்னிக்காரர் ஒருவர் எழுந்து ஃபியோனாவின் கையைப் பிடித்து, ஆழ்ந்த அனுதாபம் என்றார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. டீச்சர் அங்கேயே, உயிரோடு, தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஒவ்வொருவராக வந்து மகளிடம் துக்கம் விசாரித்தார்கள். விருந்தில் பாட அவர்களோடு வந்திருந்த பாட்டுக்காரர் தொப்பியைக் கழற்றினார். ஒன்றும் புரியாமல் அம்பியும் வரிசையில் நின்றார். "யாரு போயிட்டா?" என்று சியாமளா காதோரம் கேட்டாள். "தெரியல. நீயும் கை குடு" என்றார் அம்பி.

நீல்தான் ஃபியோனாவை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போய் விளக்கினார். அவர்கள் வழக்கத்தில், தாய் பெண்ணுக்குச் செய்முறை சொன்னால் ஒன்றைக் குறைத்துத்தான் சொல்வாள். ருசி சேராது, பெண் திரும்ப வந்து கேட்பாள். கேட்டதும் அதைச் சொல்லி, வேறொன்றை மறைப்பாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டால், இனி நீ வர வேண்டாம் என்று பொருள். சாகப்போகிறவர்கள் மட்டும்தான் முழுசாகச் சொல்வார்கள். ஃபியோனா சுவரில் சாய்ந்துகொண்டாள். "எனக்கு அது தெரியாது அங்கிள்" என்றாள். "உன் அம்மாவுக்குத் தெரியும்" என்றார் நீல். பிறகு கறியை மறுபடி ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். மெல்ல மென்றார். முகம் மாறியது.

அவர் முன்னறைக்கு வந்து அக்காவின் நாற்காலி முன் தண்ணீரில் மண்டியிட்டார். அவர்கள் பாஷையில் பேசியதை லிஸ்பன் பெண்மணி மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். இந்தக் கறியில் ஒன்று குறைகிறது என்றார் நீல். இல்லை என்றாள் டீச்சர். அம்மா தனக்கு எல்லாம் சொன்னாள், கப்பலேறும் முந்தின நாள், அடுப்பு முன்னால் நிற்கவைத்து, முழுசாகச் சொல்லி அனுப்பினாள்; அந்நியனைக் கட்டியவள் திரும்பி வர வேண்டாம் என்றுதான் சொன்னாள். நீல் தலையை ஆட்டினார். "முழுசாகச் சொன்ன மாதிரி சொன்னாள். ஒன்றை வைத்துக்கொண்டாள். சாகும்போது என்னிடம்தான் கொடுத்தாள். ஈனிட் வந்து கேட்பாள், அப்போது சொல் என்றாள். பதிமூன்று வருஷம் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்."

டீச்சர் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்து மென்றாள். ஆயிரம் தடவை சாப்பிட்ட கறி. இன்னொரு துண்டு எடுத்தாள். பிறகு, "அது என்னது?" என்றாள், தமிழில்.

நீலுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்தது. சொல்ல மாட்டேன் என்றார். அடுத்த சந்திப்புக்கு ஊருக்கு வா, அங்கே சொல்கிறேன்.

"நாறப்பய" என்றாள் டீச்சர். "அறுவத்தஞ்சு வயசுல என்கிட்டயே வெளயாடுதியா. எந்திரில. சொல்லுல." அவள் எழுந்து நின்றாள். நின்றதும் நெஞ்சிலிருந்து ஏதோ கீழே இறங்குவது போல இருந்தது. இடுப்பு, தொடை, முழங்கால் என்று மரப்பு விட்டுப்போன இடமெல்லாம் எறும்பு மொய்த்தது, பிறகு ஊசி குத்தியது, பிறகு தீயாக எரிந்தது. பல வருஷத்து வலி மொத்தமாக வந்தது. "எரியுதே, ஏட்டி ஃபியோனா, எரியுதே" என்று அவள் அலறினாள். மகள் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். ஹெர்பர்ட்டுக்கு, தாய்க்கு, பிறக்காத அந்தப் பிள்ளைக்கு என்று டீச்சர் ஒவ்வொன்றாக அழுதாள். வரிசை தவறிப் போனால் திரும்ப முதலிலிருந்து அழுதாள். தண்ணீர் வடிந்து வெகுநேரம் கழித்துத்தான் டீ போட்டார்கள்.

2007-இல் அவள் மக்காவுக்குப் போய் வந்தாள். நீல் சொன்னாரா, என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. அவள் இல்லாத நாட்களிலும் கடல் வழக்கம்போல் வந்தது. சியாமளா தரையைத் துடைத்தாள், காசிம் சிலேட்டில் நேரம் எழுதினார். அது யாருக்காக வருகிறது என்ற கேள்வியை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை. டீச்சர் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு, தண்ணீர் நிற்கும்போது அதோடு நடமாடினாள். முழங்கால் வலி என்று புலம்பினாள்.

அந்த வருஷக் கடைசியில் ஃபியோனா கோழிக்கறிக்குச் செய்முறை கேட்டு போன் செய்தாள். டீச்சர் சொன்னாள். ஃபியோனா அப்படியே செய்தாள். மனோஜ் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் அத்தை செய்கிற மாதிரி இல்லையே என்றார். ஃபியோனா ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தாள். கரண்டியைக் கீழே வைக்காமலே போனை எடுத்தாள்.

"மம்மி, இதில் ஏதோ கம்மி."

"கம்மியா? எல்லாந்தான சொன்னேன்" என்றாள் டீச்சர். "ஞாயித்துக்கிழம வா, பாப்போம். நாலு மணிக்குத் தண்ணி ஏறும், அதுக்கு முன்னால வந்துரு."