ஷீலாவும் சிவப்பு வட்டமும்

டோனியின் தலையில் மூளை அலைகளைப் பதியும், கம்பிகள் தொங்கும் குல்லாவை மாட்டி, முடிக்குள் பசை தடவி, கணினித் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். பச்சை வட்டம் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். சிவப்பு வந்தால் சும்மா இருக்க வேண்டும். சின்னப் பிள்ளை விளையாட்டுதான், ஆனாலும் டோனிக்கு உள்ளங்கை வேர்த்தது.

வேர்க்காமல் என்ன செய்யும்? பெங்களூரில் கச்சேரி மேடைகளுக்கு ஒலி அமைத்துக்கொண்டிருந்தவன், அங்கே கோகெய்னுக்கு அடிமையாகி வேலையைத் தொலைத்தான். மனைவி ஆரோக்கிய ஷீலாவின் பொறுமையையும் சேர்த்தே தொலைத்துவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பினான். சிகிச்சை எடுத்து அந்தப் பழக்கத்தை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் அண்ணன் மரிய அந்தோணி வீட்டு மாடியில்தான் படுக்கை. "ஒங்க மூளை சரியாயிருச்சுன்னு டாக்டரம்மா சொல்லட்டும், அப்புறம் வீட்டுக்கு வாங்க" என்று ஷீலா தீர்த்துச் சொல்லிவிட்டாள். பள்ளிக்கூட ஆசிரியை அல்லவா, பரீட்சை வைக்காமல் புருஷனைக்கூடச் சேர்த்துக்கொள்ள மாட்டாள்.

நீளும் கையை மூளை எப்படி 'நில்' என்று தடுக்கிறது, கோகெய்னுக்கு அடிமையானவர்களிடம் அந்தத் தடை எங்கே தடுமாறுகிறது என்பதுதான் டோனிக்குச் சிகிச்சை தரும் டாக்டர் கிருஷ்ணப்ரியாவின் ஆய்வு. ஒப்பிட்டுப் பார்க்க, எந்தப் பழக்கமும் இல்லாதவர்களும் தேவை. துணைக்கு வந்த ஷீலாவிடம் கேட்டார். அவர் கேட்டு முடிக்கும் முன்பே ஷீலா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரர் விலை சொல்லுமுன் பேரம் பேசுகிறவள் அவள்.

டோனி தலையைத் துடைத்தபடி கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தான். ஷீலா பச்சைக்கு அழுத்தினாள். சிவப்புக்கும் அழுத்தினாள். "அய்யய்ய" என்று நாக்கைக் கடித்துக்கொண்டே அடுத்த சிவப்புக்கும் அழுத்தினாள். டோனி துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தான்.

"எனக்குத்தான் நெறையத் தப்பு, இல்லையா டாக்டர்?" என்று வெளியே வந்ததும் கேட்டாள்.

"தப்பை எண்ணி ஒருத்தரை எடை போட முடியாது, ஷீலா. நிறையப் பேரோட மூளை அலைகளைச் சேர்த்துப் பார்த்தாத்தான் எங்களுக்கே ஏதாவது புரியும்."

"அப்ப இவுக மூளை சரியாயிருச்சான்னு?"

"அதை இந்தக் குல்லா சொல்லாது. டோனி சிகிச்சைக்கு ஒழுங்கா வர்றார், அது எனக்குத் தெரியும். வீட்டுக்குக் கூப்பிடுறதா வேண்டாமாங்கிறதை நீங்கதான் முடிவு பண்ணணும்."

ஷீலாவுக்கு முகம் விழுந்துவிட்டது. பயத்தையெல்லாம் டாக்டர் தலையில் இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தவள், இப்போது அதைத் தானே சுமக்க வேண்டியதாயிற்று. வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டுச் சட்டென்று திரும்பினாள்.

"ஏறுங்க. நம்ம வீட்டுக்குப் போவோம்."

ஒரு வருஷமாக அவன் ஏங்கிக் கிடந்த வார்த்தை. கால் தானாக எழும்பிவிட்டது. எதற்கும் இப்படிப் பாய்ந்து பாய்ந்துதான் எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டோம் என்ற எண்ணம் வந்ததும் டோனி காலைத் தரையில் ஊன்றினான்.

"இன்னைக்கு வேணாம் ஷீலா. நீ தோத்த ரோசத்துல கூப்புடுற. படுத்து யோசி. காலையிலயும் இதே நெனப்பு இருந்தா சொல்லு, வாரேன்."

ஷீலா அவனை ஒரு முறை முறைத்தாள். ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். கிடைத்ததைக் கோட்டை விட்டுவிட்டு வந்து நிற்கிறானே என்று வீட்டில் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். டோனிக்கும் தூக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் கோயில் மணிகூட இன்னும் அடிக்கவில்லை. தெருவே விழித்துக்கொள்ளும்படி ஸ்கூட்டர் ஹாரன் அலறியது. டோனி எட்டிப் பார்த்தான். கீழே ஷீலா.

"காலையிலன்னுதானே சொன்னீக?"

"இன்னும் விடியலையே ஷீலா."

"ராத்திரி பூரா யோசிச்சிட்டேன். பயமாத்தான் இருக்கு. அந்தப் பயத்தோடவே கூப்புடுறேன், எறங்கி வாங்க. இதுக்கு மேல பொறுக்க என்னால ஆகாது."

டோனி சட்டையைக் கையில் பிடித்தபடியே படியிறங்கி ஓடினான். இந்தத் தடவை அவன் தன்னைத் தடுக்கவே இல்லை.