ஒரே நொடியில் கேட்ட இரண்டு பேர்

என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோராம் நாள், நான் கிடங்கில் சிமென்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் எங்களை விடமாட்டார்கள். ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தைப் போனில் திறந்து நோயாளி எண்ணை அடித்தால் நிலவரம் வரும். அந்தப் பக்கத்தைப் பைத்தான் என்ற கணினி மொழியில் அவர்களுக்கு எழுதிக்கொடுத்தவள் வெளியூரில் வேலை பார்க்கும் என் மகள்தான். ஐம்பதுக்கு மேல் எழுத்துக்கூட்டப் பழகியவன் நான். யார் கையையும் எதிர்பார்க்காமல் நானே படித்துக்கொள்வதில் ஒரு தெம்பு.

பத்து மணிக்கு அடித்தேன். 'உடல்நிலை சீராக உள்ளது. நாளை பொது வார்டுக்கு மாற்றப்படுவார்' என்று வந்தது. இரண்டு தடவை படித்தேன்.

"என்னண்ணே, பல்லெல்லாம் தெரியுது?" என்றான் கூட்டாளி.

"உன் அண்ணி நாளைக்கு வார்டுக்கு வந்துடுவாடா."

"அப்ப இந்த லோடையும் முடிச்சுட்டே போங்க. அண்ணி வீட்டுக்கு வந்துட்டா உங்கள வெளிய விடமாட்டாங்க."

போனைச் சட்டையோடு ஆணியில் மாட்டிவிட்டு அடுத்த மூட்டைக்கு முதுகைக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து நான்கு முறை கூப்பிட்டிருக்கிறார்கள். லோடு முடிந்து போனபோது கட்டில் காலி. "பன்னிரண்டு மணி வரைக்கும் நினைவு இருந்துச்சு. அவரு வந்துட்டாரான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்றாள் நர்ஸ்.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். சமையலறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டிருந்த மகள் என்னைக் கூப்பிட்டாள். முகம் வெளிறியிருந்தது.

"அப்பா, பெரிய தப்பு பண்ணிட்டேன். யார் கேட்டாலும், அவங்க நோயாளியோட விவரத்த எடுத்து ஒரே பொது இடத்துல வச்சேன். பதில் எழுதுற பகுதி அங்கேருந்துதான் எடுக்கும். ரெண்டு பேர் ஒரே நொடியில கேட்டா ஒருத்தரோடது இன்னொருத்தருக்குப் போயிடும். ஒவ்வொரு கோரிக்கையோடயும் அதோட விவரத்த சேர்த்துக் கட்டி அனுப்பியிருக்கணும்."

"ஒவ்வொரு லாரிக்கும் தனிச்சீட்டு மாதிரியா?"

"ஆமா. நான் எல்லா லாரிக்கும் ஒரே பலகையில எழுதி எழுதி அழிச்சிருக்கேன்." லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். "அன்னைக்குப் பத்து மணிக்கு நீ கேட்டிருக்க. அதே நொடியில இன்னொருத்தரும் கேட்டிருக்காங்க. யாருக்கு என்ன பதில் போச்சுன்னு பதிவுல இல்ல. உனக்கு என்னப்பா வந்துச்சு?"

அவள் முகத்தைப் பார்த்தேன். அம்மா சாயல் முழுக்க அவளுக்கு.

"மோசமா இருக்கு, உடனே வரணும்னு வந்துச்சும்மா."

"சரியாத்தான் வந்துச்சா?"

"சரியாத்தான்."

நெடுமூச்சு விட்டாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

"அப்ப ஏன் போகல?"

"லோடு பாதியில இருந்துச்சு. முடிச்சுட்டுப் போயிடலாம்னு…"

"அம்மா சாகக் கிடக்கிறான்னு படிச்சுட்டு மூட்டை தூக்கினியா?"

"ஆமாம்மா."

மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பக்கத்தைச் சரிசெய்துவிட்டாளாம், இப்போது யாருக்கும் மாறி வருவதில்லையாம். நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. எடுத்தாலும், சொன்னதையேதான் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.